இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால்: ஒரு தட்டு, ஒரு பேசின், ஒரு நோட்டு

பாம்பனில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு இரட்டைப் பிள்ளைகள், 35 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். மூத்தது பெண், 2 கிலோ 100 கிராம். இளையது பையன், 1 கிலோ 800. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, பிறந்த எடைக்குத் திரும்பியதும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். தாய்ப்பால் வருகிறது, இருவருக்கும் இன்னும் பற்றவில்லை. பற்றும்வரை நாளைக்கு மூன்று நான்கு வேளை பவுடர் பால் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சேர்த்து வாங்கி வந்த பால் புட்டி மட்டும் பதினொன்று. "அடுப்படி ரொம்பச் சின்னது அக்கா. எந்தப் புட்டி கழுவியது, எது கழுவாதது, எந்தப் பிள்ளை குடித்தது, எது குடிக்கவில்லை என்றே தெரியவில்லை. இதையெல்லாம் எப்படி அடுக்கி வைப்பது?"

பச்சிளங்குழந்தை வார்டில் இருபத்திரண்டு வருடம் செவிலியராக இருந்தேன். என் மகளுக்கும் இரட்டைதான், மண்டபத்தில் என் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். அடுக்குவதற்கு முன்னால் குறைக்க வேண்டும். அந்தப் பதினொன்றில் பெரியதை எல்லாம் பெட்டியோடு கட்டிப் பரண் மேல் போடுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் வாரம் தாண்டிய பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி பால் வேண்டும். மூத்தவளுக்கு 315 மில்லி, இளையவனுக்கு 270. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் நாளைக்குப் பன்னிரண்டு வேளை. அப்படியானால் அவளுக்கு ஒரு வேளைக்கு 26 மில்லி, அவனுக்கு 22, 23. ஒரு சின்ன டம்ளரில் கால்வாசி. இதற்கு 250 மில்லி புட்டி எதற்கு? பெரிய புட்டியின் அடியில் கிடக்கிற இருபது மில்லியைப் பார்த்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு மனசு கேட்காது, "இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் ஊற்று" என்பார்கள். பிள்ளை கக்கும், புரை ஏறும். உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. எடை ஏற ஏற அளவும் ஏறும்.

இன்னொன்று. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்று சேர்த்துச் செய்கிற பக்குவம் 34 வார வாக்கில்தான் வருகிறது. 35 வாரப் பிள்ளை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் களைத்துப் போகும். புட்டியில் நிப்பிளின் ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பால் தானாக ஓடி மூச்சு முட்ட வைக்கும். அதனால் இந்த எடைக்கு நான் பாலாடையைத்தான், அதாவது நுனியில் மூக்கு வைத்த சின்னப் பால் கிண்ணத்தைத்தான், சொல்வேன். ஆஸ்பத்திரியிலும் பாலாடையில் கொடுத்திருப்பார்கள், அதைக் கைவிட வேண்டாம். கழுவ எளிது, மூலை முடுக்கு இல்லை. மார்பில் குடிக்கிற பழக்கமும் கெடாது.

உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அசல் சங்கிலேயே நுனியை அறுத்துத் தேய்த்துச் செய்த பால் சங்கு இருக்கும். சங்கு குளிக்கிற கடற்கரை ஆச்சே. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, கையில் எடுத்தாலே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் உள்ளே சுருள் சுருளாகப் போகிற இடத்தில் பால் தங்கினால் எந்த பிரஷ்ஷும் எட்டாது. அதைச் சாமி மாடத்தில் வையுங்கள், பால் ஊற்ற வேண்டாம். எவர்சில்வர் பாலாடையோ வெள்ளிச் சங்கோ போதும்.

சரி, எத்தனை வேண்டும்? இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து நாளைக்கு 24 வேளை. மூன்று தடவை கொதிக்க வைத்தால் ஒரு தடவைக்கு எட்டு. ஆக எட்டுப் பாலாடை, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணம் எட்டு. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று கொதிக்க வையுங்கள். பிள்ளைகள் நேராக மார்பில் குடித்து நிறைந்துவிடுகிற வேளைகளில் சாமான் மிச்சமாகும், மிச்சமானால் நல்லதுதான். வெளியே போகிற தேவைக்கு 60 மில்லியோ 120 மில்லியோ பிடிக்கிற சின்னப் புட்டி இரண்டு வைத்துக்கொள்ளலாம். அதிலும் ஐ.எஸ்.ஐ முத்திரையும் 14625 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், பிளாஸ்டிக் பால் புட்டிக்கான இந்தியத் தர எண் அது. இல்லாவிட்டால் தூர எறியுங்கள்.

பாத்திரக்கடையில் வாங்கும்போதே பேர் வெட்டச் சொல்வோம் இல்லையா, அப்போது நாலு பாலாடைக்கும் நாலு கிண்ணத்துக்கும் வெளிப்பக்கம் ஒரு புள்ளி, மற்ற நாலுக்கும் இரண்டு புள்ளி வெட்டி வாங்குங்கள். மூத்தவளுக்கு ஒரு புள்ளி, இளையவனுக்கு இரண்டு. நெயில் பாலிஷ், ஸ்டிக்கர் எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் உரிந்து வந்துவிடும், பாலிலும் சேரும். வெட்டினது போகாது. இது அழகுக்குச் செய்கிற வேலை இல்லை. இரவு ஒரு மணிக்குப் பேசினில் ஒரு புள்ளிப் பாலாடை இரண்டு கிடக்கிறது, இரண்டு புள்ளிப் பாலாடை ஒன்றுகூட இல்லை என்றால், பையன் இன்னும் குடிக்கவில்லை என்று யாரையும் எழுப்பாமலே தெரியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது. மகள் வந்த நான்காவது இரவு. இரண்டு மணிக்கு நான் எழுந்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் படுத்தேன். அரை மணி கழித்து மாப்பிள்ளை எழுந்து "இன்னொன்றுக்கு" என்று கொடுத்தார். இரண்டு பேரும் கொடுத்தது ஒரே பிள்ளைக்கு. இரண்டும் ஒரே மாதிரி துணியில் சுற்றிக் கிடந்தன, அறையில் இருந்தது விடிவிளக்கு மட்டும். காலையில் சின்னவனைத் தூக்கினால் உடம்பு சில்லென்று இருந்தது, அழக்கூட இல்லை. குறைமாதப் பிள்ளை பசித்தால் கத்தாது, அடங்கிப் போகும். நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக்கொண்டு, உதட்டோரத்தில் பாலாடையை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் இரண்டு சொட்டு வாயிலேயே நின்றது. மூன்றாவது சொட்டுக்கு நாக்கை நீட்டினான். அந்த நாக்கு நீண்டதை இன்றைக்கும் மறக்கவில்லை. இருபத்திரண்டு வருட வேலை அனுபவம் இருந்தும் என் வீட்டில் அப்படி ஆனது என்றால், தூக்கம் கெட்டுக் கிடக்கிற எந்த வீட்டிலும் ஆகும்.

அன்றைக்கு மதியமே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, நூலில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டோம். பேனா என்றால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். இடது பக்கம் மூத்தது, வலது பக்கம் இளையது. மணி, தாய்ப்பாலா பவுடரா, எத்தனை மில்லி, ஒன்றுக்குப் போனதா, இரண்டுக்குப் போனதா, கொடுத்தது யார். இவ்வளவுதான். கொடுத்து முடித்த கையோடு எழுத வேண்டும், பிறகு எழுதலாம் என்று விட்டால் பொய்க்கணக்கு ஆகிவிடும். ஒரு வாரம் ஆன பிள்ளை நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போக வேண்டும், எடை நாளைக்கு 20 முதல் 30 கிராம் வாக்கில் ஏற வேண்டும். இது இரண்டும் சரியாக இருந்தால் பால் பற்றுகிறது என்று அர்த்தம். "பிள்ளை அழுகிறது, பால் இல்லை போல" என்று யார் சொன்னாலும் நோட்டை எடுத்துக் காட்டலாம்.

இனி இடம். சின்ன அடுப்படி என்றால் அதற்குள் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். சுத்தமானதுக்கு ஒரு இடம், அழுக்குக்கு ஒரு இடம், இரண்டும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. சுத்தமானது, பிள்ளைகள் இருக்கிற அறையில் இடுப்பு உயரத்துக்கு மேலே ஒரு தட்டில். அழுக்கானது, கொல்லைப் பக்கம் மூடி போட்ட ஒரு பேசினில். மீன் அலசுகிற தொட்டியில் பிள்ளைச் சாமான் போகவே கூடாது. செதில் ஒட்டுகிறது என்பது மட்டும் இல்லை, பச்சை மீன் கழுவின இடத்துக் கிருமி அத்தனையும் அங்கே இருக்கும். கருவாடு காயப்போடுகிற நாளில் ஈ எவ்வளவு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்றில் மணலும் சேரும். கடையில் விற்கிற திறந்த புட்டி ஸ்டாண்டு நம் கரைக்குச் சரிப்படாது. மூடி உள்ள பெரிய எவர்சில்வர் சம்படம்தான் சரி.

கழுவுகிற முறை. குடித்து முடித்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் பால் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்பும் தனி பிரஷ்ஷும். நிப்பிள் பயன்படுத்தினால் உள்பக்கத்தை வெளியே புரட்டிக் கழுவி, தண்ணீரை ஓட்டை வழியாகப் பீய்ச்சிப் பாருங்கள். கொதிக்க வைப்பதற்கு ஸ்டெரிலைசர் மெஷின் வாங்க வேண்டாம், எவர்சில்வர் இட்லிப் பானை ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். தட்டை எடுத்துவிட்டுச் சாமான் முழுதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, தளதளவென்று கொதி வந்த பிறகு பத்து நிமிடம். இடுக்கியும் கூடவே கொதிக்கட்டும். கொதித்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, அதே பானையில் மூடியோடு அப்படியே வைத்துவிடலாம், அதைவிடச் சுத்தமான இடம் வீட்டில் கிடையாது. சம்படத்துக்கு மாற்றினால் அதையும் கொதிநீர் விட்டு அலசிக்கொள்ளுங்கள். துண்டாலோ முந்தானையாலோ துடைக்காதீர்கள், துடைத்தால் பத்து நிமிடம் கொதிக்க வைத்தது வீண்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வற்ற வற்ற இன்னும் கூடும். அந்தத் தண்ணீரில் பவுடர் கரைத்தால் பச்சைப்பிள்ளையின் சிறுநீரகம் அந்த உப்பைத் தாங்காது. அதனால் பால் கலக்க காவிரிக் குழாய்த் தண்ணீரோ, நல்ல ஊற்றுத் தண்ணீரோ மட்டும். அதற்கென்று ஒரு குடம், மூடி, நீளக் காம்பு வைத்த கரண்டி. அந்தக் குடத்தில் வேறு யாரும் டம்ளர் விட்டு மொள்ளக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கலாம், கடைசி அலசும் கொதியும் நல்ல தண்ணீரில். பானையில் வெள்ளையாகப் படிந்தால் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

பவுடர் பாலில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டப்பாவில் உள்ள பவுடர் கிருமி நீக்கியது கிடையாது. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருக்கக்கூடும், குறைமாதப் பிள்ளைக்கு அது ஆபத்து. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைத்தால் அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு பவுடர். இங்கே கிடைக்கிற பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அளவு. டப்பா சீக்கிரம் தீருகிறதே என்று தண்ணீரைக் கூட்டவே கூடாது, வயிறு நிறையும், எடை ஏறாது. கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இன்னொன்றுக்கு ஊற்றாதீர்கள், வாய்ப்பட்ட பால் அப்போதே கெட ஆரம்பித்துவிடும். அம்மாச்சிக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் பெரிய வேலை. மனம் நோகாமல் சொல்லுங்கள், அவர் சிக்கனம் பார்த்து வளர்ந்தவர். கடல் காற்றில் பவுடர் சீக்கிரம் கட்டி தட்டும். சின்ன டப்பாவாக வாங்குங்கள், திறந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இரவுக்கு ஒரு நல்ல பிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர் ஊற்றி வையுங்கள். மூடியைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும். பறக்கவில்லை என்றால் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டியதுதான்.

ஆனால் வரிசையில் பவுடர் கடைசி. முதலில் மார்பு, அப்புறம் பீய்ச்சி எடுத்த பால், அதுவும் போதாத வேளைக்குப் பவுடர். தங்கை நாளைக்கு எட்டுத் தடவை, அதில் இரவில் ஒரு தடவையாவது, பால் எடுக்கட்டும். எடுக்க எடுக்கத்தான் ஊறும், இரவில் இன்னும் நன்றாக ஊறும். கொதித்த கிண்ணத்தில் நேராகப் பீய்ச்சி, மூடி, ஒரு துண்டு டேப்பில் மணியை எழுதி ஒட்டுங்கள். வெளியே நான்கு மணி நேரம் இருக்கும் என்பார்கள், ஆனால் அது 25 டிகிரி அறைக்கு. நம் ஊர் சித்திரை வைகாசியில் மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் 24 மணி நேரம். கதவில் வைக்க வேண்டாம், மேல்தட்டின் உள்பக்கம், மூடிய டப்பாவுக்குள். மீன் கீழ்த்தட்டில், அதுவும் மூடி. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். எடுத்த பாலில் ஆடை மாதிரி மேலே பிரிந்து நிற்கும், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றலாம், அடுப்பில் வைக்கக் கூடாது.

வீட்டில் ஆள் பிரித்துக்கொள்வதும் இதில் சேர்த்திதான். கொடுக்கிறவர் ஒருவர், கொதிக்க வைக்கிறவர் இன்னொருவர். மச்சான் கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, அந்த நாளில் இரவுப் பத்து மணிப் பானை அவர் பொறுப்பு. அப்பா நெஞ்சிலும் பிள்ளையைக் கங்காரு மாதிரி அணைத்து வைக்கலாம், சூடு யார் நெஞ்சில் இருந்தாலும் சூடுதான். ஐப்பசி கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால், அன்றைக்கே நல்ல தண்ணீர் இரண்டு குடம் சேர்த்துப் பிடித்து, சிலிண்டர் இருக்கிறதா என்று பார்த்து, சாமானை முழுதும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

பிறந்த பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கிற சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் அந்தத் தட்டுக்கு வரக் கூடாது. பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதே 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை, அதனால் "இதை வாங்கினால் அது இலவசம்" என்று கடையில் யாராவது நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பிள்ளை குடிக்க எழவே இல்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால்வரை வந்துவிட்டது, இதில் எது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பனில் இருந்து ராமநாதபுரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அதற்காகவே கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராகத் தொங்கட்டும். கொதிக்க வைத்து மூடிய நாலு பாலாடை, இரண்டு கிண்ணம், பிளாஸ்க், பவுடர், துணி. போகிற வழியில் இளையவன் துணிக்குள் அல்ல, அம்மாவின் நெஞ்சோடு இருக்க வேண்டும்.

இந்த வாரம் இவ்வளவு செய்யுங்கள். நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது நோட்டைக் காட்டி, எடை ஏறியதைப் பார்த்து எந்த வேளைப் பவுடரை முதலில் நிறுத்தலாம் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் நின்றது மதியம் இரண்டு மணி வேளை. 45 நாள் தடுப்பூசிக்குப் போகும்போதும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.